இரண்டு மேடைகளுக்கு இடையே

திருவிழாக் காலம் வந்துவிட்டால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பங்குகளில் மேடைகள் எழும்புகின்றன. கொடியேற்றத்திற்கும் தேர்ப்பவனிக்கும் இடைப்பட்ட நாட்களில் ஓர் இரவு மெல்லிசை, ஓர் இரவு நாடகம் என்று நிகழ்ச்சி நிரல் அச்சாகிறது. நாமும் குடும்பம் குடும்பமாகச் சென்று அமர்கிறோம். பாடியவரைப் பாராட்டுகிறோம், நகைச்சுவை கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறோம், வீடு திரும்பி நிம்மதியாக உறங்கிவிடுகிறோம். அந்தக் கலைஞர்கள் எப்போது வந்து சேர்ந்தார்கள், எங்கே உண்டார்கள், எங்கே தலைசாய்த்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியூரில் மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி என்றால், குழுவின் பேருந்து விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். நண்பகலில் ஊர் சேர்ந்து, ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கி, விளக்குகளைக் கட்டி, மைக்குகளைச் சோதித்து முடிக்கும்போது மணி மூன்றோ நான்கோ ஆகிவிடும். அதன் பின் காத்திருப்பு. நிகழ்ச்சி மூன்று மணி நேரம். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, சுற்றி, ஏற்றி, நள்ளிரவில் மீண்டும் பயணம். ஆக, ஒரு நாளின் 24 மணி நேரத்தில் மேடைக்கு உரியது 3 மணி நேரம். எஞ்சிய 21 மணி நேரமும் சாலையிலும், பேருந்தின் இருக்கையிலும், மேடையின் பின்புறத்திலும் கழிகின்றது.

அந்த 3 மணி நேரத்திற்குக் கைதட்ட ஆயிரம் பேர் உண்டு. இந்த 21 மணி நேரத்திற்கு யார் பொறுப்பு? இதுவே நம் சிந்தனைக்குரிய பொருள். ஊர்ஊராகச் செல்லும் ஒரு கலைஞன் உருவாவதும் உருக்குலைவதும் பெரும்பாலும் மேடைக்கு வெளியே உள்ள இந்த நேரத்தில்தான்.

இராயபுரத்துத் தண்டவாளமும் எண்ணூர்ச் சக்கரமும்

இச்செய்தியில் நம் வடசென்னைக்குத் தனி உரிமை உண்டு. தமிழகத்து நாடகக் குழுக்களைத் தூர ஊர்களுக்குச் சுமந்து சென்ற இரு வாகனங்களின் வரலாறும் நம் மண்ணோடு பிணைந்தது.

மீனவரான புனித இராயப்பரின் பெயரால் வழங்குவதாக நாம் பெருமையுடன் சொல்லும் இராயபுரத்திலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. அன்று எழுந்த நிலையக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிமிர்ந்து நிற்கின்றது. இரயில் பாதை ஊர்களை இணைத்த பிறகுதான், திரைச்சீலைகளும் உடைப் பெட்டிகளும் ஆர்மோனியமும் சமையல் பாத்திரங்களும் முப்பது நாற்பது பேருமாக ஒரு நாடகக் கம்பெனி இன்று மதுரை, அடுத்த திங்களில் திருச்சி, அதற்கடுத்து சென்னை என்று முகாமிடுவது எளிதாயிற்று.

அடுத்து வந்தது சாலை. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. முதலில் ஆஸ்டின் கார்களை இணைத்து, பின்னர் கனரக வாகனங்களுக்குத் திரும்பி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. நம் பங்குகளைச் சேர்ந்த எத்தனையோ தந்தையர் அங்கு உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் கைபட்ட அடிச்சட்டங்களின் மீது உடல் கட்டப்பட்ட பேருந்துகளும் லாரிகளும் தமிழகம் எங்கும் ஓடின. ஆர். எஸ். மனோகர் 1954-இல் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ் போன்ற குழுக்கள் பிரம்மாண்டமான காட்சி அமைப்புகளோடு ஊர்ஊராகச் சென்ற காலம் அது. நடிகரோடு தச்சர், ஒளி அமைப்பாளர், திரை இழுப்பவர், சமையற்காரர், ஓட்டுநர் என்று மேடையில் முகம் காட்டாத ஒரு சிற்றூரே உடன் பயணம் செய்தது.

கம்பெனி வீடு

முற்காலக் குழுக்கள் இந்தக் காத்திருக்கும் நேரத்தை எவ்வாறு கழித்தன? இதற்கு விடை காண, 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்த சிறுவர் நாடக சபைகளை நாம் நோக்க வேண்டும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் சின்னஞ்சிறுவராக அதில் சேர்ந்தனர். சண்முகம் அப்போது ஆறு வயதுப் பாலகர். அவர் முதுமையில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. கம்பெனி வாழ்க்கையை அறிய விரும்புவோர் தவறாது படிக்க வேண்டிய நூல் அது.

நாடகங்கள் இரவில் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும். பகல் முழுவதும் கம்பெனி வீடு என்னும் ஒரே கூரையின் கீழ் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பகலை வீணாக்க வாத்தியார் விடமாட்டார். வசன பாடம், பாட்டு, தாளம், உச்சரிப்பு என்று நேரம் பங்கிடப்பட்டிருந்தது. ஆசிரியரும் தம் நேரத்தை வீணாக்கவில்லை. சண்முகம் நடிப்பதற்கென்று 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் எழுதி முடித்தார் என்ற செய்தியை நாடக உலகம் இன்றும் வியந்து கூறுகின்றது. பிறர் உறங்கிக் கழிக்கும் இரவொன்று ஒரு நாடகமாக மலர்ந்தது!

நம் வாசகர் நன்றியோடு நினைவுகூர வேண்டிய மற்றொருவர் நவாப் டி. எஸ். இராஜமாணிக்கம். அவருடைய தேவி பால விநோத சங்கீத சபை கட்டுப்பாட்டுக்கும் பக்திக்கும் பெயர் பெற்றது. 'தசாவதாரம்' நாடகத்தை நடத்திய அதே சபைதான் 'இயேசுநாதர்' நாடகத்தையும் பக்தி சிரத்தையோடு ஊர்ஊராக அரங்கேற்றியது. இந்து சமயப் பற்றுமிக்க ஓர் ஆசிரியர், நம் ஆண்டவரின் வரலாற்றைப் பல சமயச் சிறுவர் வழியாகப் பல சமய மக்கள் முன் வைத்தார். திரையில் கொடியவராகத் தோன்றி, வாழ்வில் மது, புகை அறியாதவராக விளங்கிய எம். என். நம்பியார் அந்தச் சபையில் சிறுவனாக வளர்ந்தவர். மேடைக்கு வெளியே கழிந்த பகற்பொழுதுகள் அவருக்கு என்ன கொடுத்தன என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் வறுமையால் வந்தவர்கள். எம். ஜி. ஆரும் அவர் தமையனும் அவ்வாறே சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் சபையில் இடம்பெற வேண்டும் என்ற ஆசையால், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே தாம் ஓர் அனாதை என்று பொய் சொன்னதாக நடிகர் திலகம் சிவாஜி கணேசன் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியிருக்கிறார். ஏழெட்டு வயதுக் குழந்தை தன்னை அனாதை என்று சொல்லிக்கொண்டு ஒரு வாசலில் நிற்கும் காட்சியைத் தாய்மார்கள் சற்றே மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள்!

கைதட்டல் ஓய்ந்து விளக்கணைந்த பின், பாயில் படுத்த அந்தப் பிள்ளைகளுக்குத் தாயின் முகம் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? பருவம் வந்து மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்தால் அதுவரை கிடைத்த நாயக வேடமும் பறிபோகும். பேரும் புகழும் பெற்றவர் சிலர். பெயர் தெரியாமல் போனவர் பலர். குருகுலம் என்று நாம் போற்றும் அதே இடம் சிலருக்குக் கண்ணீர்க் கூடமாகவும் இருந்தது.

இன்று சட்டம் இதில் குறுக்கிடுகின்றது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சர்க்கஸில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பிற கலை நிகழ்ச்சிகளில் பங்குபெறும் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் விதி வகுக்கப்பட்டது. நடனக் குழுக்களில் தம் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இவ்வரம்புகளை அறிந்திருத்தல் நன்று.

இரவு பத்து மணி

பழைய நாடகம் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நீளும். கலைஞர்களின் இரவு மேடையில் கழிந்தது. பகல் உறக்கத்தில் கழிந்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை மாநில அரசு அனுமதி தரலாம் என்பது விலக்கு. நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும் எண்ணிப் பார்த்தால் இது நல்ல விதியே. அதை நாம் குறைகூறவில்லை.

எனினும் இவ்விதியால் கலைஞர்களின் நாள் தலைகீழாக மாறியதை நாம் கவனிப்பதில்லை. பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிகிறது. பெட்டிகளை ஏற்றிப் பன்னிரண்டு மணிக்குப் புறப்படுகிறார்கள். விடுதியில் தங்கினால் செலவு; ஆகவே இரவோடு இரவாக ஊர் திரும்பல். பகல் முழுவதும் வெயிலில் நின்ற பேருந்துக்குள் கண் அயர முடியாத ஓட்டுநர், மற்றவர் அனைவரும் உறங்கும் அந்த நள்ளிரவில் தனியே விழித்திருந்து வண்டியைச் செலுத்த வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணிக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஒன்றிரண்டு வண்டிகளை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளரிடம் பணிபுரிபவருக்கு அந்த வரம்பை யார் கணக்குப் பார்ப்பது? மேடையருகே ஒரு மூலையில் பகலில் அவர் நான்கு மணி நேரம் உறங்குவதற்கு வழி செய்தால், அது இருபது குடும்பங்களின் விளக்கை அணையாமல் காப்பதற்கு ஒப்பாகும்.

பேருந்துக்குள் ஓர் உலகம்

காத்திருக்கும் பேருந்துக்குள் எட்டிப் பார்த்தால் ஓர் உலகமே தெரியும். தபேலாக் கலைஞர் முன் இருக்கையின் முதுகில் விரல்களால் தாளம் தட்டி, புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்கு ஒரு நடையைக் கற்றுக்கொடுக்கிறார். பாடகி தொண்டைக்கு வெந்நீர் பருகியபடியே, வீட்டிலிருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் கணக்குப் பாடம் சொல்கிறார். ஒலி அமைப்பாளர் பெட்டியின் மீதே துண்டை விரித்து உறங்குகிறார். வயதில் மூத்தவர் ஒருவர் பழைய ஊர்க்கதை ஒன்றைத் தொடங்க, நான்கு இளைஞர் சூழ்ந்து கேட்கின்றனர்.

அதே பேருந்தின் கடைசி இருக்கையில் வேறொரு காட்சியையும் காணலாம். சீட்டுக்கட்டு பிரிகிறது. விளையாட்டாகத் தொடங்கிய ரம்மி, இன்னும் கைக்கு வராத இன்றைய கூலியைப் பணயமாகக் கேட்கிறது. 'களைப்புத் தீர' என்று ஒருவர் மதுக்கடைக்கு வழி விசாரிக்கிறார். துணைக்குச் சென்ற பத்தொன்பது வயதுப் பையன், மறுக்கும் துணிவின்றி முதல் மிடறு அருந்துகிறான். வேறு சிலர் ஒருவருக்கொருவர் பேசாமல் அவரவர் கைப்பேசிக்குள் அமிழ்ந்துகிடக்கின்றனர். பத்து ஆண்டுகள் ஒரே வண்டியில் பயணம் செய்தும் பக்கத்து இருக்கைக்காரரின் பிள்ளைகள் பெயர் தெரியாதவர் உண்டு.

ஒரே பேருந்து, ஒரே நேரம், ஒரே வெயில். ஒருவனுக்கு அது கல்விக்கூடமாகின்றது, மற்றொருவனுக்குப் படுகுழியாகின்றது. வேற்றுமை எங்கிருந்து பிறக்கின்றது? சுவாமிகளைப் போன்ற ஒரு மூத்தவர் உடனிருக்கிறாரா என்பதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றது. குழுத்தலைவர் என்பவர் முன்பணம் வாங்கி நிகழ்ச்சி பேசும் தரகர் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. தம் வண்டியில் ஏறிய ஒவ்வோர் இளைஞனுக்கும் அவர் தந்தையின் இடத்தில் இருக்கிறார்.

திருச்சபையின் அக்கறை

ஊர்விட்டு ஊர் செல்வோரைத் திருச்சபை மறந்ததில்லை. புலம்பெயர்ந்தோருக்கும் நாடோடி வாழ்வினருக்குமான அருட்பணிக்கென்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1970-இல் ஒரு தனி ஆணையத்தை நிறுவினார். சர்க்கஸ்காரரும் திருவிழாச் சந்தைக் கலைஞரும் அதன் பராமரிப்புக்குள் அடங்கினர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரக்கத்தின் யூபிலி ஆண்டாகிய 2016-இல் ஜூன் 16 அன்று இத்தகைய கலைஞர்களை வத்திக்கானில் வரவேற்றார். கொண்டாட்டத்தையும் வியப்பையும் அழகையும் உருவாக்கும் கைவினைஞர் என்று அவர்களைப் பாராட்டியதோடு, அவர்களின் தேவைகளைக் கவனிக்குமாறு தலத்திருச்சபைகளையும் பங்குகளையும் கேட்டுக்கொண்டார். இடம்விட்டு இடம் பெயர்வோருக்கு ஒரு பங்கின் உறுப்பினராக வேரூன்றுவதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருவதும் கடினம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நமக்கு மிகவும் அறிமுகமான புனித தொன் போஸ்கோவையும் எண்ணிப் பாருங்கள். சிறுவனாயிருந்தபோது அவர் சந்தைகளுக்கு வரும் கழைக்கூத்தாடிகளையும் செப்படிவித்தைக்காரரையும் கூர்ந்து நோக்கி அவர்களின் வித்தைகளைக் கற்றார். பின் தம் ஊர் மக்களைக் கூட்டி, முதலில் ஜெபமாலை சொல்லச் செய்து, ஆலயத்தில் கேட்ட மறையுரையை எடுத்துச் சொல்லி, அதன் பிறகே கயிற்றின் மேல் நடந்து காட்டினார்.

நற்செய்தியைத் திறந்தால், நம் ஆண்டவரும் ஒரு குழுவோடு ஊர்ஊராகச் சென்றவரே என்பது தெரியும். வருவோரும் போவோருமாய் மக்கள் மொய்த்தபடியால் உண்பதற்கும் நேரமின்றித் தவித்த சீடர்களை, தனித்த இடத்திற்கு வந்து சற்று இளைப்பாறும்படி அவர் அழைத்ததை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். உழைத்தவனுக்கு ஓய்வும் உணவும் வேண்டும் என்பதை அவர் எவரும் கேட்காமலே உணர்ந்தார். மகதலா மரியாளும் யோவன்னாவும் சூசன்னாவும் இன்னும் பல பெண்களும் தங்கள் உடைமைகளைக் கொண்டு அந்தப் பயணக் குழுவுக்குப் பணிவிடை செய்ததை லூக்கா எட்டாம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். பெத்தானியா ஊரில் மார்த்தாளின் வீடு அவர்களுக்குத் திறந்திருந்தது.

நம் பங்கு ஒரு பெத்தானியா ஆகட்டும்

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது யாது? பெருஞ்செலவு வேண்டியதில்லை.

முதலாவதாக, திருவிழாக் குழுவினர் நிகழ்ச்சிக்கான தொகையைப் பேசும்போதே தங்குமிடத்தையும் பேசட்டும். பங்குப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள், சில பாய்கள், ஒரு மின்விசிறி, குடிநீர் போதும். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. உடன்வரும் பாடகியரும் நடன மங்கையரும் நாள் முழுவதும் கழிப்பறை வசதியின்றித் தவிப்பதை ஆண்கள் எவரும் எண்ணுவதில்லை. கன்னியர் இல்லமோ பக்கத்து வீடோ ஒரு கதவைத் திறந்தால் அந்தத் துன்பம் நீங்கிவிடும்.

இரண்டாவதாக, உணவு. மேடையில் பாடுபவருக்கு ஒரு பந்தி, ஜெனரேட்டர் இயக்குபவருக்கு ஒரு பொட்டலம் என்ற வேறுபாடு வேண்டாம். 'சாப்பிட்டீங்களாண்ணே?' என்று ஓட்டுநரை நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் சென்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி அவருக்கு நூறு மாலைகளுக்குச் சமம்.

மூன்றாவதாக, கூலி. பேசிய தொகையை நிகழ்ச்சி முடிந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும். கணக்கு முடியவில்லை, நாளை வாருங்கள் என்று சொல்லி, நள்ளிரவில் வெறுங்கையோடு அனுப்புவது திருவிழாவுக்கும் அழகன்று, கிறிஸ்தவ நெறிக்கும் ஏற்றதன்று. இயன்றால் அன்றிரவு தங்கி விடியற்காலையில் புறப்படுமாறு வற்புறுத்துவோம்.

நான்காவதாக, நம் குடும்பங்களின் கடமை ஒன்றுண்டு. ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு பழகிய எத்தனையோ இளைஞர் இன்று மெல்லிசைக் குழுக்களில் பயணம் செய்கின்றனர். வேறு பலர் ஒலி, ஒளி அமைப்பில் பிழைக்கின்றனர். விடியலில் வீடு திரும்பும் மகனிடம் 'எவ்வளவு கிடைத்தது?' என்று கேட்பதற்கு முன், 'தூங்கினாயா? யாரோடு இருந்தாய்?' என்று கேட்கும் தாய் பேறுபெற்றவள். பகல் முழுவதும் உறங்குகிறான் என்று அவனைச் சோம்பேறி எனப் பழிக்கும் வீடு, அவனை மீண்டும் அந்தக் கடைசி இருக்கைக்கே தள்ளிவிடுகின்றது. அவன் பையில் ஒரு ஜெபமாலையும் நல்ல புத்தகம் ஒன்றும் இருக்கட்டும். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வர இயலாதவனை மாலைத் திருப்பலிக்கு அன்போடு அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, குழுக்களில் பயணம் செய்யும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் காத்திருப்பு வீண்பொழுது என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். புனித சின்னப்பரின் கப்பல் உடைந்து மால்டா தீவில் மூன்று மாதம் அவர் காத்திருக்க நேர்ந்தபோது, அங்கிருந்த நோயாளி ஒருவரிடம் சென்று செபித்தார். பலர் நலம் பெற்றனர். உங்கள் வண்டியிலும் ஒரு நோயாளி இருக்கலாம், தனிமையில் வாடும் ஒருவர் இருக்கலாம், கற்க ஏங்கும் ஓர் இளைஞன் இருக்கலாம். அடுத்த மேடை வரும்வரை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் அவர்களே.

வரும் திருவிழாவில் நம் ஆலய வளாகத்திற்குள் அத்தகைய பேருந்து ஒன்று நண்பகல் வெயிலில் வந்து நிற்கும். மேடை விளக்குகள் எரியும்வரை காத்திராமல், ஒரு குடம் தண்ணீரோடு அதன் படியருகே செல்வோமாக. விருந்தினராக வருபவர் யார் என்பதை நம் ஆண்டவர் முன்னரே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார் அன்றோ!